நான்கு மில்லிமீட்டர்

குளச்சலுக்குப் பக்கத்தில், ஏவிஎம் கால்வாயின் மேல்
பேரில்லாத ஒரு பாலம்.
மீன்வண்டி வந்தால் பள்ளிக்கூட வேன் ஒதுங்கி நிற்கும்.
அதன் விலாவிலிருந்து டம்ளர் பருமனில்
ஒரு துண்டு காங்கிரீட் துளைத்தெடுத்து
லேபில் வைத்துப் பிளந்தேன். தூசை ஊதிவிட்டு
பினாப்தலீன் தெளித்தேன்.

வெற்றிலை போடுகிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை:
சுண்ணாம்பு இருந்தால்தான் சிவப்பு.
உள்ளே செம்பருத்தியாய்ப் பொங்கியது.
வெளியோரம், காற்று தின்ற பாகம்,
நனைந்தும் வெளுத்தே கிடந்தது.
வெளுத்த ஆழம் முப்பத்தொன்று மில்லிமீட்டர்.
கம்பி கிடப்பது முப்பத்தைந்தில்.

அறிக்கையில் எழுதினேன்:
உடனடி ஆபத்து இல்லை. தொடர்ந்து கண்காணிக்கவும்.
ஜோஸ் பிரபின் சார் வாசிக்காமல் கையெழுத்திட்டார்.
வருடத்துக்கு நாற்பது தடவை எழுதுகிறேன் அந்தச் சொல்லை.
யாரிடம் சொல்கிறேன் என்று கேட்டுக்கொண்டதே இல்லை.

*

புதன்கிழமை, சாரல்.
ஆரம்ப சுகாதார நிலையத்தில் கருப்பைவாய்ப் பரிசோதனை,
முப்பது தாண்டிய பெண்களுக்கு.
அண்டி ஆபீசிலிருந்து நேரே வந்தவர்கள்
தோட்டெண்ணெயில் கறுத்த விரல்களை
மடியில் மறைத்து உட்கார்ந்திருந்தார்கள்.
வலைக்கம்பெனி ரோஸ்லெட் என் காதில் கேட்டாள்:
"எக்கா, நோவுமா?"
"தெரியாது பிள்ளே. நானும் மொதல் தடவையாக்கும்."

பச்சைத் திரைக்குப் பின்னால் கால் மடக்கிப் படுத்தும்
கண் போனது பாட்டிலின் லேபிளுக்குத்தான்.
தொழில் வியாதி.
அசிட்டிக் அமிலம், ஐந்து சதவீதம்.
"இது வினாகிரிதானே சிஸ்டர்?"
"மீன் ஊறுகாய்க்கு ஊத்துற அதேதான்.
ஒரு நிமிஷம் கெடக்கணும். அனங்கப்பிடாது."

ஒரு நிமிஷம்.
கனசதுரக் கட்டிகள் இருபத்தெட்டு நாள்
என் தொட்டித் தண்ணீரில் கிடக்கும்.
எந்திரத்தில் ஏற்றி நசுக்கும்வரை
ஒருநாளும் எனக்குப் படபடத்ததில்லை.
இப்போது மேற்கூரையைப் பார்த்தேன்.
டியூப்லைட்டிலிருந்து மூலைவரை ஓடும் விரிசல்.
மயிரிழை. பூச்சு காய்ந்தபோது விழுந்தது.
பயப்பட ஒன்றுமில்லை என்று
கூரைக்குச் சான்றிதழ் கொடுத்தேன்.

அங்கே கெட்டது நிறம் மாறாது.
இங்கே கெட்டதுதான் நிறம் மாறும்.
வேதியியல் வேறு; ஆனாலும்
இரண்டு இடத்திலும் வெளுப்புதான்
கெட்ட சேதி கொண்டுவருகிறது.

ஜெயசோபி சிஸ்டர் டார்ச்சைத் தாழ்த்தினார்.
திரும்ப உயர்த்தினார். அந்த இரண்டாவது தடவை
எனக்குப் புரிந்தது. நானும் அப்படித்தான்
நம்ப முடியாத அளவை மறுபடி அளப்பேன்.
"கொஞ்சம் வெளுத்திருக்கு. ஓரம் தெளிவா இல்ல.
வெறும் புண்ணாவும் இருக்கலாம்.
ஆசாரிப்பள்ளத்துல லென்சு வச்சுப் பாப்பாவ."
"எத்தனை மில்லிமீட்டர்?"
டார்ச்சை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.
"அப்பிடியெல்லாம் அளக்க மாட்டோம் மக்களே."

சீட்டின் கடைசி வரி, குண்டுகுண்டான கையெழுத்தில்:
தொடர் கண்காணிப்பு தேவை.
அதன் கீழே ஒரு தேதி. ஒரு அறை எண்.
வராவிட்டால் கூப்பிட, என் போன் நம்பர்.

வெளியே ரோஸ்லெட் எழுந்து நின்றாள்.
"என்ன சொன்னாவ?"
"நோவாது" என்றேன். அது உண்மை.

*

மறுநாள் காலை அறிக்கையைத் திறந்தேன்.
கண்காணிக்கவும் என்பதை அடித்துவிட்டு
யார், எந்த மாதம், எத்தனை இடத்தில் துளைத்து,
நான்கு என்பது மூன்றாகிவிட்டால்
யார் யாரைக் கூப்பிடவேண்டும்
என்று ஒரு பக்கத்துக்கு எழுதினேன்.
"இந்தத் துண்டுப் பாலத்துக்கு இம்புட்டா?" என்றார் சார்.

செவ்வாய்க்கிழமை லீவு வேண்டும் என்றேன்.